மயக்கத்தின் ஆழம் அளந்த வரலாறு

பெங்களூரில் நம் தமிழ்க் குடும்பங்களில் ஒருவருக்கு ஆபரேஷன் என்றால், உறவுக்காரர்கள் கேட்கும் முதல் கேள்வி "முழு மயக்கமா, பாதி மயக்கமா?" என்பதுதான். இடுப்பெலும்பு முறிவு, மூட்டு மாற்று, குடலிறக்கம், சிசேரியன் போன்றவற்றிற்கு இப்போதெல்லாம் பெரும்பாலும் முதுகில் ஓர் ஊசி போட்டு, இடுப்புக்குக் கீழே மரத்துப்போகச் செய்துவிடுகிறார்கள். நோயாளி விழித்துக்கொண்டே இருக்கலாம். ஆனாலும் பயம் தெரியாமல் இருக்கவும், எலும்பைத் தட்டும் சத்தம் மனத்தைக் கலக்காமல் இருக்கவும், கை நரம்பு வழியாகக் கொஞ்சம் தூக்க மருந்தும் தருகிறார்கள். இதனால் வரும் அரைத்தூக்கத்தையே நம்மவர்கள் பாதி மயக்கம் என்கிறார்கள்.

சரி, பாதி என்றால் எவ்வளவு பாதி? அதை யார் அளக்கிறார்கள்? எதைக் கொண்டு அளக்கிறார்கள்?

நான் மருத்துவன் அல்லன். ஆரணிப் பக்கத்துக் கிராமத்திலிருந்து வந்து, சிக்பேட்டையில் பட்டு வியாபாரம் செய்து பிழைப்பவன். பள்ளிப் படிப்போடு கல்வி நின்றது; மிச்சமெல்லாம் நூலகங்களிலும், கடைக்கு வரும் படித்த பெரியவர்களிடமும் கேட்டுப் பெற்றது. வியாபாரிக்கு எதைக் கண்டாலும் "இதற்கு அளவுகோல் எது?" என்று கேட்கத் தோன்றும். மயக்கத்திற்கு அளவுகோல் தேடிய கதை நம் ஹைதராபாத்தையும் தொட்டு, நம் பெங்களூரையும் தொட்டு வருகிறது. அதை இங்கே சுருக்கமாகச் சொல்ல முயல்கிறேன்.

வலி வேறு, நினைவு வேறு

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். முதுகில் போடும் ஊசி வலியை நிறுத்துகிறது, நினைவைத் தொடுவதில்லை. நரம்பில் ஏற்றும் தூக்க மருந்து நினைவை மங்கச் செய்கிறது; அறுக்கும் வலியை நிறுத்துவது அதன் வேலையல்ல. ஆகவே முதுகு ஊசி நன்றாகப் பிடித்துவிட்டால் ஆழ்ந்த தூக்கம் தேவையே இல்லை. தூக்கம் என்பது ஒரு சௌகரியம்.

ஆனால் இந்தச் சௌகரியத்திற்கு விலை உண்டு. முழு மயக்கம் கொடுத்தால் பெரும்பாலும் மூச்சுக் குழாயிலோ தொண்டையிலோ ஒரு குழாய் வைத்து மூச்சுவழியைக் காக்கிறார்கள். அரைத்தூக்கத்தில் அந்தக் குழாய் இல்லை. மருந்து கொஞ்சம் கூடினால் நாக்கு பின்னால் சரிந்து மூச்சு அடைபடலாம். முதுகு ஊசியால் இரத்த அழுத்தமும் குறையும். சில சமயம் இதயத் துடிப்பும் மந்தமாகும். விழித்திருப்பவர் "குமட்டுதுங்க", "மூச்சு முட்டுதுங்க", "கை மதமதன்னு இருக்கு" என்று சொல்லிவிடுவார். ஆழ்ந்து தூங்குகிறவர் என்ன சொல்லுவார்? ஆகவேதான் ஆழம் அளப்பது உயிரைக் காக்கும் காரியமாகிறது.

மதுவிலிருந்து ஈதர் வரை

சுசுருதர் தம் நூலில், அறுவைக்கு முன் நோயாளிக்கு உணவும், பழக்கமுள்ளவனுக்குக் கடுமையான மதுவும் கொடுக்கச் சொல்கிறார். உணவு உண்டவன் மூர்ச்சையாக மாட்டான்; மது உண்டவனுக்குக் கத்தி படுவது தெரியாது என்பது அவர் கருத்து. (இன்றோ வெறும் வயிறாக இருக்கவேண்டும் என்பது விதி. தூக்கத்தில் வாந்தி மூச்சுக்குழலில் இறங்கிவிடும் என்பது பின்னால் தெரிந்தது.)

1845இல் வங்காளத்தின் ஹூக்ளியில் ஜேம்ஸ் எஸ்டெயில் என்ற மருத்துவர், மெஸ்மரிசம் என்னும் வசியத் துயிலில் நோயாளிகளை ஆழ்த்தி அறுவை செய்துவந்தார். மறு ஆண்டே, 1846 அக்டோபர் 16இல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் மார்ட்டன் ஈதரை முகரக் கொடுத்துக் காட்டினார். 1847 நவம்பரில் எடின்பரோ நகரத்துச் சிம்சன் குளோரோஃபாரத்தைக் கொண்டுவந்தார். 1848 ஜனவரியிலேயே இங்கிலாந்தில் ஹன்னா கிரீனர் என்ற 15 வயதுப் பெண், கால் நகம் எடுக்கக் குளோரோஃபாரம் முகர்ந்த சில நிமிடங்களில் இறந்துபோனாள். சிறிய சிகிச்சை, ஆரோக்கியமான பெண். "எவ்வளவு ஆழம் போகலாம்?" என்ற கேள்வி அன்றே எழுந்துவிட்டது.

அதற்கு முறையாக விடை தேடியவர் லண்டன் மருத்துவர் ஜான் ஸ்நோ. காலரா குடிநீர் வழியாகப் பரவுகிறது என்று காட்டிய அதே ஸ்நோதான். 1847இல் வெளியிட்ட ஈதர் பற்றிய நூலில் மயக்கத்தை ஐந்து படிகளாக வகுத்தார். கண், மூச்சு, தசைத் தளர்ச்சி இவற்றைப் பார்த்துப் படியைச் சொல்லலாம் என்றார். மயக்கத்திற்கு இட்ட முதல் அளவுகோல்களில் ஒன்று இது.

1853இல் விக்டோரியா மகாராணிக்குப் பிரசவ வலி கண்டபோது குளோரோஃபாரம் கொடுத்தவரும் இவரே. கைக்குட்டையில் சில துளிகள், ஒவ்வொரு வலிக்கும் கொஞ்சம் கொஞ்சமாக. வலி தணிந்தது, அரசியார் நினைவு இழக்கவில்லை. முழு ஆழத்திற்குப் போகாமல் நடுவழியில் நிறுத்தும் கலைக்கு இது ஒரு நல்ல முன்மாதிரி. அந்த அரசியாரின் அறுபதாம் ஆண்டு ஆட்சி விழாவை ஒட்டி 1897இல் அடிக்கல் நாட்டி, 1900இல் கர்சன் பிரபு திறந்துவைத்ததுதான் நம் மார்க்கெட் பக்கத்து விக்டோரியா ஆஸ்பத்திரி. சிக்பேட்டையிலிருந்து நடந்தே போய்விடலாம். ஆண்டுதோறும் எத்தனை தமிழ் ஏழைகள் அதன் படியேறுகிறார்கள் என்பது நாம் அறிந்ததே.

ஹைதராபாத் வழக்கு: நாடியா, மூச்சா?

குளோரோஃபாரம் கொடுக்கும்போது எதைக் கவனிப்பது என்பதில் இரண்டு கட்சிகள் உண்டாயின. லண்டன்காரர்கள் நாடியைப் பார் என்றார்கள். எடின்பரோ வழி வந்தவர்கள் மூச்சைப் பார், அது போதும் என்றார்கள். இந்த வழக்கு நடந்த இடம் நிஜாமின் ஹைதராபாத். அங்கே அப்சல்கஞ்ச் மருத்துவமனையில் இருந்த எட்வர்ட் லாரி என்ற மருத்துவர் எடின்பரோ கட்சி. 1888இல் முதல் குளோரோஃபாரம் ஆணையம் கூடியது. லண்டன் பத்திரிகையான 'லான்செட்' ஐயம் தெரிவித்தது. நிஜாம் ஆயிரம் பவுன் கொடுத்து, அங்கிருந்தே ஒரு நிபுணரை அனுப்பச் சொன்னார். லாடர் பிரண்டன் வந்தார். 1889இல் இரண்டாம் ஆணையம் நடந்தது.

நாய், குரங்கு முதலான நானூறுக்கும் மேற்பட்ட பிராணிகள் இதில் மாண்டன. அஹிம்சையைக் குலதர்மமாகக் கொண்ட குடும்பத்தில் பிறந்த எனக்கு இந்த வரியை எழுதக் கை கூசுகிறது. ஆயினும் வரலாறு என்று வந்தால் மறைக்கக்கூடாது. "மூச்சுதான் முதலில் நிற்கிறது, இதயம் பிறகே, ஆகவே மூச்சைக் கவனித்தால் போதும்" என்று ஆணையம் தீர்ப்புச் சொன்னது.

தீர்ப்பு பாதிதான் சரி. 1911இல் லெவி என்பவர், குளோரோஃபாரம் லேசாக இருக்கும் நிலையிலேயே இதயம் திடீரெனத் தாறுமாறாகத் துடித்து நின்றுவிடலாம் என்று காட்டினார். ஒன்றை மட்டும் பார்த்துக்கொண்டு இன்னொன்றை விடக்கூடாது என்பதே இதில் கிடைத்த பாடம்.

ஹைதராபாத்துக்கு இன்னொரு பெருமையும் உண்டு. லாரியிடம் பயின்ற ரூபா பாய் ஃபர்தூன்ஜி என்ற பார்சிப் பெண்மணி, உலகின் முதல் பெண் மயக்க மருத்துவர்களில் ஒருவராகப் போற்றப்படுகிறார்.

விழித்திருப்பவரை அறுத்த காலம்

இதற்கிடையே வேறு ஒரு வழி திறந்தது. 1884இல் வியன்னாவில் கார்ல் கோலர், கொக்கெயின் கரைசலைக் கண்ணில் விட்டால் கண் மரத்துப்போகும், ஆள் விழித்தே இருப்பார் என்று கண்டார். 1898இல் ஜெர்மனியின் கீல் நகரில் ஆகஸ்ட் பியர் அதே மருந்தை முதுகுத் தண்டில் செலுத்தினார். அவரும் அவருடைய உதவியாளரும் ஒருவர் மீது ஒருவர் சோதித்துப் பார்த்தார்கள். மரத்த காலைச் சுத்தியலால் அடித்தும் வலிக்கவில்லையாம்! மறுநாள் தலைவலிதான் தாங்கவில்லை. இன்று நம் வீட்டுப் பெண்களுக்குச் சிசேரியனுக்குப் போடும் முதுகு ஊசியின் மூதாதை இதுவே.

வலி போயிற்று, பயம் போகவில்லை. அதற்குத் தூக்க மருந்து சேர்த்தார்கள். ஜெர்மனியின் ஃப்ரைபுர்க் நகரில் 1906 வாக்கில் கவுஸ் என்ற மகப்பேறு மருத்துவர் பிரசவத்தின்போது 'அந்தித் துயில்' என்ற முறையைக் கையாண்டார். மார்ஃபினும் ஸ்கோபலமினும் கலந்து கொடுப்பது. ஆழத்தை அளக்க அவர் செய்த யுக்தி கவனிக்கத்தக்கது. பெண்ணிடம் ஒரு பொருளைக் காட்டுவார். கொஞ்ச நேரம் கழித்து அதையே மீண்டும் காட்டி, "இதை முன்பே பார்த்தாயா?" என்று கேட்பார். "பார்த்தேன்" என்றால் மருந்து இன்னும் போதவில்லை. "இல்லை" என்றால் போதும், நிறுத்து. கருவி ஏதுமில்லாமல் கேள்வியும் பதிலுமே அளவுகோலாக நின்றது.

நம் பழைய நூல் ஒன்று

ஈண்டு ஒரு செய்தியைச் சொல்லாமல் மேலே போக மனம் வரவில்லை. பெங்களூரிலிருந்து சுமார் 150 கிலோமீட்டரில் உள்ள சிரவணபெளகொளாவுக்கு நம்மில் பலர் போய்வந்திருப்போம். அங்கே கோமடேசுவரர் சிலையை நிறுவிய சாமுண்டராயருக்காக, பத்தாம் நூற்றாண்டில் நேமிசந்திரர் என்ற முனிவர் 'கோம்மடசாரம்' என்ற நூலை இயற்றினார். அதில் கர்மங்களைப் பற்றிச் சொல்லும் இடத்தில் தூக்கத்தை ஐந்தாகப் பிரிக்கிறார். எழுப்பினாலும் கண் திறக்க முடியாத தூக்கம் ஒன்று. கண் சற்றே திறந்தபடி, தூங்கினாலும் கொஞ்சம் கொஞ்சம் அறிந்துகொண்டிருக்கும் தூக்கம் ஒன்று. வாயில் நீர் வடிய, கைகால் அசைய வரும் தூக்கம் ஒன்று. நடப்பவனை நிறுத்தி, உட்காரவைத்துச் சாயவைக்கும் தூக்கம் ஒன்று. தூக்கத்திலேயே வேலை செய்து, பேசவும் வைப்பது ஒன்று.

இதைக் கொண்டு நம் முன்னோர்க்கு மயக்கவியல் தெரியும் என்று நான் சொல்ல வரவில்லை. அப்படிச் சொல்வது நூலுக்கும் நியாயமல்ல, மருத்துவத்திற்கும் நியாயமல்ல. முனிவரின் நோக்கம் ஆன்மாவின் காட்சியை மறைப்பது எது என்பது. நான் சொல்வது இவ்வளவே: தூக்கம் ஒரே மாதிரியானதல்ல, அதற்குத் தரம் உண்டு, எழுப்பினால் எழுகிறானா, கண் திறக்கிறானா, ஏதாவது அறிகிறானா என்று பார்த்தே அந்தத் தரத்தைச் சொல்லமுடியும் என்பதை ஆயிரம் ஆண்டுக்கு முன் கர்நாடகத்தில் ஒருவர் எழுதி வைத்திருக்கிறார்.

பெயர் சொல்லிக் கூப்பிடும் அளவுகோல்

1974இல் லண்டனில் ராம்சே என்பவரும் அவருடைய குழுவினரும், தீவிர சிகிச்சைப் பிரிவு நோயாளிகளுக்காக ஆறு படி கொண்ட ஓர் அளவுகோலை வெளியிட்டனர். பதற்றத்தோடு இருப்பவர் முதல் படி. அமைதியாக, சொன்னதைக் கேட்டு ஒத்துழைப்பவர் இரண்டாம் படி. சொன்னால் மட்டும் செய்பவர் மூன்றாம் படி. புருவ மத்தியில் தட்டினால் சட்டென்று அசைபவர் நான்கு. மெதுவாக அசைபவர் ஐந்து. அசைவே இல்லாதவர் ஆறு. இது உலகெங்கும் பரவியது.

1990இல் அமெரிக்காவில் இன்னொரு அளவுகோல் வந்தது. இதுதான் முதுகு ஊசி போட்ட நோயாளிகளிடம் பெரிதும் பயன்படுவது. சாதாரணக் குரலில் பெயர் சொன்னதும் உடனே பதில் சொன்னால் ஐந்து மதிப்பெண். அதே குரலுக்குச் சோம்பலாகப் பதில் வந்தால் நான்கு. உரக்கவோ திரும்பத் திரும்பவோ கூப்பிட்டால்தான் பதில் என்றால் மூன்று. தோளைத் தட்டி உலுக்கினால்தான் என்றால் இரண்டு. அதற்கும் இல்லை என்றால் ஒன்று. பாருங்கள், ஐந்தில் மூன்று படிகள் பெயர் சொல்லிக் கூப்பிடுவதிலேயே நிற்கின்றன!

இந்த அக்கறை சும்மா வந்ததல்ல. 1988இல் அமெரிக்காவில் கேப்லன் என்பவரும் பிறரும், நல்ல உடல்நிலையில் இருந்து, முதுகு ஊசி போட்ட பிறகு எதிர்பாராமல் இதயம் நின்றுபோன 14 பேரின் வழக்குகளை ஆராய்ந்தனர். அவர்கள் சுட்டிக்காட்டிய காரணங்களில் ஒன்று, நோயாளி தானாக ஒரு வார்த்தை பேசாத அளவுக்குத் தூக்க மருந்து கொடுத்திருந்தது. அமைதியாகத் தூங்குகிறார் என்று நினைத்த நேரத்தில் ஆபத்து நெருங்கிக்கொண்டிருந்தது. விரலில் மாட்டும் ஆக்ஸிமீட்டர் எல்லா இடத்திலும் வராத காலம் அது. ஜப்பானின் தக்குவோ அயோயாகி 1974 வாக்கில் அதற்கு வழிகண்டார். கொரோனாக் காலத்தில் நம் வீடுகளிலேயே அது வந்துவிட்டதால் விளக்கத் தேவையில்லை. அயோயாகி அந்த 2020ஆம் ஆண்டிலேயே காலமானார் என்பது குறிப்பிடத்தக்கது.

ஆக்ஸிமீட்டருக்கும் ஒரு குறை உண்டு. ஆக்ஸிஜன் குழாய் வைத்திருந்தால், மூச்சு குறைந்த பிறகும் கொஞ்ச நேரம் எண் நன்றாகவே காட்டும். ஆகவே வெளிவிடும் மூச்சில் உள்ள கரியமிலவாயுவை அளக்கும் கருவியை, இத்தகைய அரைத்தூக்கத்தின்போதும் வைக்கவேண்டும் என்று அமெரிக்க மயக்கவியலாளர் சங்கம் 2011இல் விதித்தது.

நெற்றியில் ஒட்டும் பட்டை

ஜெர்மனியின் யேனா நகரில் ஹான்ஸ் பெர்கர் 1924இல் மனித மூளையின் மின்னலைகளைப் பதிவுசெய்து 1929இல் வெளியிட்டார். தூக்கத்திலும் மயக்கத்திலும் அலைகள் மாறுவது பின்னர் தெரிந்தது. இந்த அலைகளைக் கணக்கிட்டு 0 முதல் 100 வரை ஓர் எண்ணாகக் காட்டும் 'பிஸ்' என்ற கருவிக்கு 1996இல் அமெரிக்க அரசு அனுமதி தந்தது. நெற்றியில் ஒரு பட்டையை ஒட்டினால் போதும். நூறுக்கு அருகில் என்றால் விழிப்பு; 40 முதல் 60 வரை முழு மயக்கம்; இடைப்பட்டது அரைத்தூக்கம்.

எண் வந்துவிட்டால் வேலை முடிந்ததா என்றால் இல்லை. நெற்றித் தசை இறுகினால் எண் ஏறிவிடும். கெட்டமின் என்ற மருந்து கொடுத்தால், ஆள் மயங்கியிருந்தும் எண் ஏறும். எங்கள் கடையில் மின்னணுத் தராசு வந்தபிறகும் படிக்கல்லை வைத்துச் சரிபார்ப்பது நிற்கவில்லை, அதுபோல்தான் இதுவும்.

வயதானவர்களைப் பொறுத்தவரை இதில் இன்னொரு விஷயமும் இருக்கிறது. ஆபரேஷன் ஆன அன்றிரவு தாத்தா பாட்டிகள் இடம் தெரியாமல் பிதற்றுவதையும், குழாய்களைப் பிடுங்குவதையும் பல குடும்பங்கள் பார்த்திருக்கும். 2010இல் அமெரிக்காவின் பால்டிமோரில், இடுப்பெலும்பு முறிந்து முதுகு ஊசியில் அறுவை செய்துகொண்ட 114 முதியவர்களிடம் ஓர் ஆய்வு நடந்தது. பிஸ் கருவியை வைத்து, பாதிப்பேருக்கு ஆழ்ந்த தூக்கம், பாதிப்பேருக்கு லேசான தூக்கம். ஆழ்ந்து தூங்கியவர்களில் நூற்றுக்கு 40 பேருக்குப் புத்தித் தடுமாற்றம் வந்தது. லேசாகத் தூங்கியவர்களில் 19 பேருக்கே வந்தது. 2018இல் அதே குழு 200 பேரிடம் மீண்டும் பார்த்தபோது மொத்தத்தில் பெரிய வேறுபாடு தெரியவில்லை. வேறு நோய்கள் இல்லாத முதியவர்களுக்கு மட்டும் லேசான தூக்கம் நன்மை செய்தது. இந்த இரண்டாவது ஆய்வில் ஆழத்தைத் தரம் பிரிக்கக் கையாண்டது எது தெரியுமா? பெயர் சொல்லிக் கூப்பிடும் அந்தப் பழைய அளவுகோலின் திருத்திய வடிவம்தான்.

பெங்களூரில் கிட்டார் ஒலித்த அறை

2017 ஜூலையில் நம் ஊர் பகவான் மகாவீர் ஜெயின் மருத்துவமனையில் நடந்த ஒரு மூளை அறுவையைப் பத்திரிகைகளில் பலர் படித்திருப்பீர்கள். இளைஞர் ஒருவருக்குக் கிட்டார் வாசிக்கும்போது மட்டும் விரல்கள் மடங்கிக்கொள்ளும் நோய். மண்டையோட்டின் மேல்பகுதியை மட்டும் மரக்கச் செய்து, அவரை விழித்திருக்க வைத்து, மூளையின் உள்ளே ஒரு நுண்ணிய புள்ளியைச் சுட்டார்கள். அவர் மேசையில் படுத்தபடியே கிட்டார் வாசித்தார். விரல் சரியாக ஓடத் தொடங்கியதைப் பார்த்தே, சரியான இடம் என்று தெரிந்துகொண்டார்கள். அங்கே நோயாளியின் விழிப்புதான் கருவி. தூங்க வைத்திருந்தால் அந்தச் சிகிச்சை நடந்திருக்காது.

நம் கடமை என்ன?

இவ்வளவும் சொன்னது எதற்காக? ஸ்நோ முதல் இன்று வரை எத்தனை கருவி வந்தாலும், அரைத்தூக்கத்தின் முதல் அளவுகோல் நோயாளி தரும் பதில்தான். பதில் வரவேண்டுமானால் கேள்வி புரியவேண்டும் அல்லவா? வெளிமாநிலத்தில் வாழும் நமக்கு இங்கேதான் சிக்கல்.

என் பெரியக்கா ஊரிலிருந்து எங்கள் வீட்டுக்கு வந்த இடத்தில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டார். வயது 78; தமிழ் தவிர வேறு பாஷை தெரியாது. முதுகு ஊசி போட்டு அறுவை நடந்தது. உள்ளே இருந்த தங்கவயல் நர்ஸம்மா பிறகு சிரித்துக்கொண்டே சொன்னார்: "டாக்டரம்மா பேப்பர்ல இருந்த பேரைச் சொல்லி ரெண்டு மூணு வாட்டி கூப்டாங்க, பாட்டி அசையவே இல்ல. 'கண்ணு பிடி'ன்னாங்க. அதுக்கும் ஒண்ணுமில்ல. உடனே மருந்தை நிறுத்திட்டு மூச்சைப் பாத்தாங்க, எல்லாம் சரியாத்தான் இருந்துச்சு. நான் போயி 'பாட்டி, கண்ணைத் தொறங்க'ன்னேன். பட்டுனு தொறந்து, 'முடிஞ்சுடுச்சாம்மா?'ன்னு கேக்கறாங்க!"

விண்ணப்பத்தில் முதலெழுத்தை விரித்து எழுதச் சொன்னதில், அக்காவின் பெயருக்கு முன்னால் அத்தான் பெயர் போய் உட்கார்ந்துவிட்டது. அந்தப் பெயரைச் சொல்லித்தான் கூப்பிட்டிருக்கிறார்கள். கணவன் பெயரைச் சொல்லி அழைத்தால் அந்தக் காலத்து மனுஷி பதில் சொல்வாரா? கன்னடத்தில் 'கண்ணு பிடி' என்றால் கண்ணைத் திற என்று பொருள். தமிழ்க் காதுக்கு அது எதையோ பிடிக்கச் சொல்வதுபோல் இருக்கும். டாக்டரம்மா செய்தது முற்றிலும் சரியே. பதில் வராவிட்டால் ஆழம் கூடிவிட்டது என்றே எடுத்துக்கொள்ள வேண்டும். ஆனால் அதே பாஷைத் தடையால், ஒருவர் வலிக்கிறது என்று தமிழில் முனகுவதைப் பிதற்றல் என்று எண்ணவும் இடமுண்டு. அப்போது மருந்து கூடினால்?

ஆகவே, நம் பெற்றோரையோ பாட்டி தாத்தாவையோ பெங்களூரில் ஆபரேஷனுக்கு அழைத்துப் போகும்போது, முதல் நாள் வந்து பார்க்கும் மயக்க மருத்துவரிடம் சில விஷயங்களைச் சொல்லி, எழுதியும் கொடுங்கள். வீட்டில் எந்தப் பெயர் சொன்னால் திரும்பிப் பார்ப்பார். என்ன பாஷை தெரியும். காது எந்தப் பக்கம் மந்தம். காதுக்கருவியை உள்ளே வைத்திருக்க முடியுமா என்று கேளுங்கள். இரவில் பலமாகக் குறட்டை விடுவாரா, தூங்கும்போது மூச்சு நின்று நின்று வருமா, தூக்க மாத்திரை அல்லது மதுப்பழக்கம் உண்டா என்பதை மறைக்காதீர்கள். "ஒரு வாய் காப்பிதானே" என்று கொடுத்துவிட்டு, ஒன்றும் சாப்பிடவில்லை என்று சொல்லாதீர்கள். "கண்ணைத் திறங்க", "வலிக்குதா?", "மூச்சு விடுங்க" என்ற மூன்று தமிழ்ச் சொற்களைக் கன்னட எழுத்திலோ ஆங்கில எழுத்திலோ ஒரு காகிதத்தில் எழுதித் தந்தால் எந்த மருத்துவரும் வேண்டாம் என்று சொல்லமாட்டார். எவ்வளவு மருந்து என்பதை அவரிடம் விட்டுவிடுங்கள். ஆழ்ந்து தூங்க வையுங்கள் என்று வற்புறுத்த வேண்டாம்.

நம் சங்கத்தாருக்கும் ஒரு வேண்டுகோள். இரத்த தான முகாம் நடத்துகிறோம், கண் சிகிச்சை முகாம் நடத்துகிறோம். அத்தோடு, தமிழ் மட்டுமே தெரிந்த முதியவர்களுக்காக மருத்துவமனைகளில் கொடுக்கத்தக்க ஒரு சிறு தமிழ்–கன்னடச் சொற்பட்டியலை அச்சிட்டு இலவசமாக வழங்கலாம். ஒரு தாள் போதும். அச்சுக்கூலிக்கு என்னால் ஆனதை நான் தருகிறேன்.